மருந்தைக் குறைத்ததும் நின்றுபோன தாராளம்: அப்பாவின் நல்ல குணம் அவருடையதா, டோபமைனுடையதா?

கிளைநதி:

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்து சில வருடங்களாகின்றன. கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கைநடுக்கம், நடைத் தடுமாற்றம், தேய்ந்துபோன குரல் எல்லாவற்றுக்கும் வீட்டில் பழகிவிட்டோம். நான் கேட்க வந்தது வேறு.

போன வருடம் ஒரு மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் போய் ஒட்டும் இடங்களில் தானே போய் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைச் செய்யும் வகை மாத்திரை அது. நடை நன்றாகவே தேறியது. ஆனால் கூடவே, அப்பா கையில் கிடைத்ததையெல்லாம் கொடுக்கத் தொடங்கினார். ஃபோனில் முகம் தெரியாத யார் உதவி கேட்டாலும் உடனே பணம் போகும். குழாய் சரிசெய்ய வந்த இளைஞனிடம் தன் கைத்தடியை நீட்டி, "வச்சுக்கோப்பா, நல்ல தடி" என்றார். அவன் வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் என்னையே பார்த்தான். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

மருத்துவரிடம் சொன்னோம். இந்த மருந்தில் இப்படி ஆவதுண்டு என்று சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். சில வாரங்களில் எல்லாம் நின்றுவிட்டது.

நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அப்பா முன்பிருந்தே கொடுக்கிற மனிதர். வகுப்பில் ஒரு பையன் கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறான் என்பதைக் கவனித்து, அவனைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தவர். அந்தப் பையன் பெரியவனாகி வீட்டுக்கு வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரியும். "அப்போ உள்ளேயே சுரந்தது, இப்போ மாத்திரையில வந்தது, ரெண்டும் ஒண்ணுதான்க்கா" என்கிறான் தம்பி. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குத் தூக்கம் போயிற்று.

பிறருக்கு உதவும்போது மூளையில் சுகம் தரும் பகுதிகள் இயங்குகின்றன என்று ஸ்கேன் ஆய்வுகள் சொல்வதாகப் படித்தேன். அப்படியானால் தன்னலமில்லாத உதவி என்று ஒன்று உண்டா, இல்லையா? ஆறுதலுக்காக எதுவும் சொல்ல வேண்டாம். தெரிந்ததைச் சொல்லுங்கள், போதும்.

மேசைவிளக்கு:

உங்கள் தம்பி சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடுதான். அதனால் அப்பாவின் மதிப்பு குறைந்துவிடும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

இது புதிய கேள்வியும் அல்ல. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவஞானி, தெருவில் ஒரு முதியவருக்குப் பிச்சை போட்டதைப் பார்த்த ஒருவர் ஏன் என்று கேட்டாராம். அவருடைய துன்பத்தைப் பார்த்து எனக்கு வலித்தது, என் காசு அவருக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல் என்ற பொருளில் ஹாப்ஸ் பதில் சொன்னதாக ஒரு குறிப்பு இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை இதைவிட நேர்மையான பதில் கிடையாது.

உயிரியலும் இதே பக்கம்தான் போகிறது. 1964இல் ஹாமில்டன், இரத்த உறவுக்கு உதவுவதன் மூலம் ஓர் உயிர் தன் மரபணுக்களையே காப்பாற்றிக்கொள்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1971இல் டிரிவர்ஸ், உறவில்லாதவர்களுக்கு உதவுவதும் பின்னால் திரும்பக் கிடைக்கும் என்பதால் நிலைத்திருக்க முடியும் என்றார். பொருளியலில் ஆண்ட்ரியோனி, கொடுப்பவருக்கு உள்ளே ஒரு கதகதப்பு கிடைக்கிறது, நன்கொடைகளைப் புரிந்துகொள்ள அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1990இல் எழுதினார். எங்கே சுற்றினாலும் கடைசியில் கொடுப்பவருக்கு ஏதோ ஒன்று வந்துசேர்கிறது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அப்படி வந்துசேர்வதால்தான் உலகத்தில் உதவி என்பது இன்னும் இருக்கிறது.

நீள்குழல்:

எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பது என் தொழில். இப்போது மருத்துவமனையில் இருக்கிறேன். அதற்கு முன் சில ஆண்டுகள் ஓர் ஆய்வுக்கூடத்தில், இந்த மாதிரி மூளை ஆய்வுகளுக்கு வரும் தன்னார்வலர்களைக் குழாய்க்குள் படுக்க வைக்கிற வேலை. அதனால் "மூளையில் சுகப்பகுதி எரிகிறது" என்ற வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் என்னால் சும்மா கடந்து போக முடியாது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே உண்மையில் நடப்பது இதுதான். தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் பஞ்சு அடைப்போம். கண்ணுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி, அதில் தெரியும்படி ஒரு திரை. கையில் பொத்தான் பெட்டி. காதடைப்பானையும் மீறிக் கடகடவென்று இயந்திரச் சத்தம். அந்த நிலையில் அவர் "கொடு" என்றோ "வேண்டாம்" என்றோ பொத்தானை அழுத்துவார். இயந்திரம் அளப்பது இரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை. நரம்பு வேலை செய்த ஐந்தாறு விநாடி கழித்துத்தான் அந்த மாற்றம் உச்சத்துக்கு வரும். டோபமைனை இந்த ஸ்கேன் பார்ப்பதே இல்லை. திரையில் வரும் சிவப்பு, மஞ்சள் எல்லாம் கணக்கு முடிந்த பிறகு நாங்கள் பூசுகிற நிறம். இது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சரி, ஆய்வுகளுக்கு வருகிறேன். 2006இல் ஜார்ஜ் மோல் குழுவினர் வெளியிட்டது ஒன்று. தனக்குப் பணம் வரும்போது இயங்கும் வெகுமதிப் பகுதி, நல்ல காரியத்துக்குப் பணம் கொடுக்கும்போதும் இயங்கியது. நீங்கள் படித்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அதே ஆய்வில், கொடுக்கும்போது இன்னொரு பகுதியும் சேர்ந்து இயங்கியது. பாசம், பிணைப்பு ஆகியவற்றோடு தொடர்புடைய பகுதி அது. செய்திகளில் முதல் பாதி மட்டும்தான் பரவியது.

அடுத்தது 2007. ஓரிகான் பல்கலைக்கழகத்தில் ஹார்பாவும் மேயரும் செய்தது. என்னைப் பொறுத்தவரை உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது இதுதான். 19 பெண்கள், ஆளுக்கு 100 டாலர். சில சுற்றுகளில், பசித்தவர்களுக்கு உணவு தரும் ஓர் அமைப்புக்குப் பணம் கொடுக்கலாமா என்று அவர்களிடமே கேட்டார்கள். வேறு சில சுற்றுகளில் கேட்கவே இல்லை, வரி பிடிப்பதுபோலப் பணத்தை எடுத்து அந்த அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். கேட்காமல் எடுத்த சுற்றுகளிலும் அந்த வெகுமதிப் பகுதி இயங்கியது. தானே கொடுத்தபோது இன்னும் கொஞ்சம் அதிகம். கேட்காமல் எடுத்தபோதே யாருக்கு அந்தப் பகுதி நன்றாக இயங்கியதோ, அவர்கள் தாமாகக் கொடுக்கும் சுற்றுகளிலும் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "நான் கொடுத்தேன்" என்ற பெருமைக்கு அங்கே இடமே இல்லை. பாராட்ட ஆள் இல்லை, தேர்வும் அவருடையது இல்லை. இருந்தும் முகம் தெரியாத யாரோ ஒருவருக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்ததில் மூளை மகிழ்கிறது. மேசைவிளக்கு சொன்ன கதகதப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது மட்டுமே இருந்திருந்தால் இந்த முடிவு வந்திருக்காது.

இனி டோபமைன். அதைச் "சுக ரசாயனம்" என்று சொல்வதை விட்டுவிட வேண்டும். வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் நரம்புகளைத் தனித்தனியாக அளந்து பார்த்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் நரம்புகள் துடிக்கும். சாறு வரப்போவதை ஒரு விளக்கு முன்கூட்டியே காட்டும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிடும், சாறு வரும்போது பேசாமல் இருக்கும். பெரிட்ஜும் ராபின்சனும் எலிகளில் டோபமைனைக் கிட்டத்தட்ட முழுவதுமாக அழித்தார்கள். அந்த எலிகள் முன்னால் இருக்கும் உணவைத் தேடிப்போய்ச் சாப்பிடுவதில்லை. ஆனால் வாயில் இனிப்பை வைத்தால் வழக்கம்போல நாக்கைச் சுழற்றி ரசிக்கின்றன. அதாவது டோபமைன் முக்கியமாகச் செய்வது, எதை நோக்கிப் போக வேண்டும் என்று கற்றுக்கொடுப்பதும் அதை நோக்கி உந்துவதும்தான்.

உங்கள் அப்பாவுக்கு நடந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. 2010இல் பார்க்கின்சன் நோயாளிகள் 3,090 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. இந்த வகை மாத்திரை எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேருக்குக் கட்டுப்படுத்த முடியாத சூதாட்டம், பொருள் வாங்குதல், உண்ணுதல், பாலுணர்வு வேகம் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. எடுக்காதவர்களில் 6.9 சதவீதம்தான். வரைமுறையில்லாமல் வாரிக் கொடுப்பதும் இந்த மருந்துகளால் வருவதுண்டு என்று அதே 2010இல் தனியாக ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது. ஒரே மாத்திரை ஒருவரைச் சூதாட வைக்கிறது, இன்னொருவரைக் கொடுக்க வைக்கிறது. அப்படியென்றால் அது நல்ல குணத்தை ஊட்டும் மருந்தாக இருக்க முடியாது. உந்துதலைக் கூட்டி, தடுக்கும் கையைத் தளர்த்திவிடுகிறது. அது எந்தப் பக்கம் ஓடும் என்பதில் அந்த மனிதர் அதுவரை வாழ்ந்த வாழ்க்கைக்கும் பங்கு உண்டென்று நினைக்கிறேன். இது என் ஊகம், நிரூபித்த விஷயம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நீங்கள் எழுதியதிலேயே இதைவிடப் பெரிய சான்று இருக்கிறது. கண்ணாடி வாங்கிக் கொடுத்தவர், அந்தப் பையன் எதைப் பார்த்து எழுதுகிறான் என்று கவனித்தார். காரணம் என்ன, எது தேவை, யாரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று யோசித்தார். மாத்திரையின் வேகத்தில் கைத்தடியை நீட்டியவர், எதிரில் இருப்பவனுக்குத் தடி தேவையா என்றே பார்க்கவில்லை. கொடுக்கும் கை அதே கைதான். எதிரே இருப்பவர் மீதிருந்த கவனம் மட்டும் காணாமல் போயிருந்தது. உங்கள் தம்பி இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது இந்த இடத்தில்தான் சறுக்குகிறது.

கடைசியாக ஒன்று. 1726இல் ஜோசஃப் பட்லர் என்ற பாதிரியார் தன் பிரசங்கங்களில் சொன்ன வாதம், ஹாப்ஸுக்கு நேர்ப் பதில். பிறர் நலனில் எனக்கு முதலிலேயே அக்கறை இருந்தால்தான், அவர் நன்றாக இருப்பதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி வரும். அக்கறையே இல்லாதவனுக்கு அந்த மகிழ்ச்சிக்கு வழியில்லை. மகிழ்ச்சி வருகிறது என்பதை வைத்தே, மகிழ்ச்சிக்காகத்தான் செய்தான் என்று சொன்னால், பின்னால் வந்ததை முன்னால் இருந்த காரணம் ஆக்குகிறோம்.

கிளைநதி:

நீள்குழல், நீங்கள் எழுதியதைத் தம்பிக்கும் வாசித்துக் காட்டினேன். கவனம் பற்றிச் சொன்ன இடத்தில் அவன் பேசாமல் இருந்தான். அப்புறம் ஒரு கேள்வி கேட்டான், எனக்கும் அது நியாயமாகப் படுகிறது. இந்த வாதம் அழகாக இருக்கிறது, ஆனால் சோதித்துப் பார்க்க முடியுமா? ஒருவர் உதவும்போது, எதிரில் இருப்பவருக்காகச் செய்கிறாரா, தன் மனச்சுமையை இறக்கி வைக்கச் செய்கிறாரா என்று வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க வழி உண்டா?

இரவுப்பணி:

வழி உண்டு. நான் செவிலியர். வார்டில் தினமும் கண்ணால் பார்ப்பதையே ஒருவர் சோதனையாக அமைத்திருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

நோயாளியைப் பார்க்க வருபவர்களில் இரண்டு வகை உண்டு. கட்டிலில் இருப்பவர் வலியில் முனகினால் இரண்டு வகையினருமே கலங்குவார்கள். ஒருவர் என்னிடம் ஓடிவந்து, "ஏதாவது ஊசி போடுங்க, என்னால பார்க்க முடியல" என்பார். போட்ட பிறகு வெளியே வராந்தாவில் போய் நின்றுகொள்வார். இன்னொருவர் தலையணையைச் சரிசெய்து, எந்தப் பக்கம் படுத்தால் வலி குறைகிறது என்று கேட்டுக்கொண்டு அங்கேயே இருப்பார். முதலாமவரைக் குறை சொல்லவில்லை. அவர் படும் வேதனையும் உண்மையானது. ஆனால் அறையை விட்டு வெளியே போவதே அவருக்கு மருந்தாகிவிடுகிறது. இரண்டாமவருக்கு அது மருந்தாவதில்லை.

டேனியல் பாட்சன் என்ற உளவியலாளர் 1981இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் பிடித்தது. மாணவிகளை வரவழைத்து, எலைன் என்ற பெண்ணுக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதைத் திரையில் பார்க்கச் சொன்னார்கள். எலைன் நடித்தவர்தான், அதிர்ச்சியும் நிஜமில்லை, ஆனால் பார்ப்பவருக்கு அது தெரியாது. இரண்டு சுற்று முடிந்ததும், சின்ன வயதில் மின்வேலியில் விழுந்த பயம் தனக்கு இன்னும் இருப்பதாக எலைன் சொல்வார். உடனே பார்ப்பவரிடம் கேட்பார்கள்: மீதி அதிர்ச்சிகளை அவருக்குப் பதில் நீங்கள் வாங்கிக்கொள்ள முடியுமா? ஒரு பகுதியினருக்கு, இரண்டு சுற்று பார்த்தால் போதும், பிறகு எழுந்து போகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் பத்துச் சுற்றும் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும். அதோடு, எலைன் தங்களைப் போலவே எண்ணம் கொண்டவர் என்று சிலரை நம்ப வைத்து, அவர்களுக்கு எலைன் மேல் பரிவு கூடும்படி செய்திருந்தார்கள்.

தன் வேதனையைத் தணிப்பதுதான் நோக்கம் என்றால், எழுந்து போக வழி இருப்பவர் போய்விட வேண்டும். பரிவு குறைவாக இருந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். போக வழி இருந்தபோது 18 சதவீதம் பேர்தான் அதிர்ச்சியை ஏற்க முன்வந்தார்கள். பரிவு கூடியிருந்தவர்களில், போக வழி இருந்தும் 91 சதவீதம் பேர் "நான் வாங்கிக்கொள்கிறேன்" என்றார்கள். கதவு திறந்திருக்கிறது, அவர்கள் போகவில்லை.

மேசைவிளக்கு:

பாட்சன் சோதனை தெரியும். அதற்கு எதிராக வந்ததையும் சொல்ல வேண்டும். அறையை விட்டுப் போனாலும் மனம் கூடவே வரும் அல்லவா? எலைன் முகம் இரவெல்லாம் நிற்கும். கதவு திறந்திருந்தாலும் அந்த வருத்தத்திலிருந்து தப்ப முடியாது, அதனால்தான் உதவினார்கள் என்று சொல்லலாம்.

சியால்டினி குழு 1987இல் சரியாக அதைத்தான் சோதித்தது. ஒரு மாத்திரை கொடுத்து, அடுத்த கொஞ்ச நேரத்துக்கு உங்கள் மனநிலை இப்போது இருப்பதுபோலவே உறைந்து நிற்கும் என்று சொன்னார்கள். உண்மையில் அது வெறும் மாத்திரை. உதவினாலும் மனம் லேசாகாது என்று நம்பியதும், பரிவு மிகுந்தவர்களிடமும் உதவி குறைந்தது. மனம் லேசாவதற்குத்தான் உதவுகிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி என்ன வேண்டும்?

இரவுப்பணி:

நல்ல எதிர்வாதம். ஆனால் கதை 1987இல் முடியவில்லை. அடுத்த ஆண்டே வேறொரு குழு அதே உறைந்த மனநிலை உத்தியை வைத்துப் பார்த்தது. பரிவு மிகுந்தவர்கள் மனநிலை மாறாது என்று நம்பியும் உதவினார்கள். அதே 1988இல் பாட்சன் ஐந்து சோதனைகளைச் சேர்த்து வெளியிட்டார். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, எலைன் போல ஒருவருக்கு நீங்கள் உதவலாம் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு நீங்கள் எதுவும் செய்யாமலே அவர் சிரமம் நீங்கிவிட்டது என்று சொல்வது. கதகதப்பு வேண்டி உதவுகிறவர் என்றால் வாய்ப்புப் போச்சே என்று ஏமாற வேண்டும். பரிவு மிகுந்தவர்களோ, தாங்கள் உதவியபோது எவ்வளவு நிம்மதி அடைந்தார்களோ அதே அளவு அப்போதும் நிம்மதி அடைந்தார்கள்.

நீள்குழல் சொன்ன, கேட்காமல் பணம் எடுத்த சுற்றும் இதுவும் ஒன்றோடொன்று பொருந்துவதைப் பாருங்கள். ஒன்று ஸ்கேன் குழாய்க்குள், இன்னொன்று கேள்வித்தாளில். இடையே கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள். இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. காரியம் நடந்தால் போதும், யார் செய்தார்கள் என்பது இரண்டாம் பட்சம். என் வார்டிலும் அப்படித்தான். நான் போவதற்குள் வேறொருவர் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்திருந்தால் எனக்கு மனம் நிறைகிறது.

பின்சுவர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பாசப் பிணைப்போடு தொடர்புபடுத்தப்படும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் பற்றி யாரும் சொல்லவில்லையே. மூக்கில் அடித்தால் நம்பிக்கை கூடுகிறது என்று 2005இல் ஓர் ஆய்வு வந்து பெரும் பரபரப்பானது. பிறகு அதே மாதிரி செய்து பார்த்தவர்களுக்கு முடிவுகள் ஒத்துவரவில்லை. 2010இல் டி ட்ரூ குழு, அது தன் கூட்டத்தாரிடம் மட்டும் விட்டுக்கொடுப்பைக் கூட்டுகிறது என்றது. எல்லோருக்கும் அன்பு சுரக்கச் செய்யும் ரசாயனம் என்று ஒன்றை எடுத்துக் காட்டுவது கடினம்.

இன்னொன்றும் உண்டு. முன்பின் தெரியாதவருக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்த 19 பேரை அபிகெயில் மார்ஷ் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார். அவர்களுடைய வலது அமிக்டலா (பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப் பகுதி) சராசரியைவிடப் பெரிதாக இருந்தது, பயந்த முகங்களைப் பார்த்ததும் அதிகமாக இயங்கியது. ஈவிரக்கமற்ற மனநிலை கொண்டவர்களிடம் இதே பகுதி சிறிதாக இருப்பதும், பயந்த முகத்துக்கு மந்தமாக இருப்பதும் முன்பே பதிவாகியிருக்கிறது. ஆக, கொடுப்பவர்களிடம் தூக்கலாகத் தெரிந்தது பிறர் முகத்தில் பயத்தைக் கண்டுகொள்ளும் திறன். மூளையில் வித்தியாசம் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அந்த வித்தியாசம் பிறரை நோக்கித் திரும்பியிருக்கிறது.

நீள்குழல்:

பின்சுவர் சொன்ன கடைசி வரிதான் விஷயம். மூளை இல்லாமல் எந்த எண்ணமும் கிடையாது. சுயநலமும் மூளையில்தான் நடக்கிறது, கணக்குப் போடுவதும் அங்கேதான். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்று சொல்லும்போதும் நரம்புகளில் ரசாயனம் ஓடுகிறது, அதற்காகப் பன்னிரண்டு என்ற விடை பொய்யாகிவிடாது. "ரசாயனமா, தன்னலமின்மையா" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த ரசாயனம் எதைக் கண்டு ஓடுகிறது, எது நடந்தால் அடங்குகிறது என்று கேட்க வேண்டும். தன் அசௌகரியம் நீங்கினால் அடங்கிவிடுகிறதா, அடுத்தவருடைய துன்பம் நீங்கினால்தான் அடங்குகிறதா? இரண்டையும் பிரித்துக் காட்ட முடியும் என்பதை மேலே பார்த்தோம்.

எலிகளில்கூட இதன் ஒரு துண்டு தெரிகிறது. சிறு கூண்டில் சிக்கிய சக எலியை மற்ற எலி கதவைத் திறந்து விடுவிக்கிறது என்று 2011இல் பென்-அமி பார்டல் என்பவரின் குழு காட்டியது. 2016இல் அதே குழு, பதற்றம் தணிக்கும் மிடாஸோலம் மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. மருந்து ஏறிய எலிகள் சாக்லேட் இருந்த கூண்டைத் திறந்தன, தோழன் இருந்த கூண்டைத் திறக்கவில்லை. திறக்கும் திறமை போகவில்லை, அடுத்தவன் தவிப்பு இவனைத் தொடுவதுதான் போயிற்று. இதை மேசைவிளக்கு தன் பக்கச் சாட்சியாகவும் எடுக்கலாம், தன் பதற்றம் தணிந்ததும் எலி உதவியை விட்டுவிட்டதே என்று. எலி விஷயத்தில் அதை என்னால் மறுக்க முடியாது. மனிதரில் பாட்சனின் திறந்த கதவு இருக்கிறது, எலிக்கு அந்தச் சோதனை இன்னும் தீர்க்கமாக நடக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மேசைவிளக்கு:

எலியை என் பக்கம் வைத்துக்கொள்கிறேன், நன்றி. மனிதர் விஷயத்தில், யார் செய்தாலும் நிம்மதி வருகிறது என்ற அந்த 1988 முடிவு என்னை உண்மையாகவே யோசிக்க வைக்கிறது. ஹாமில்டனும் டிரிவர்ஸும் சொன்னது குணம் எப்படித் தோன்றி நிலைத்தது என்பதைப் பற்றி. ஒரு மனிதர் இந்த நிமிடம் எதை விரும்புகிறார் என்பதற்கு அது பதில் ஆகாது என்பதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் விடமாட்டேன்: கலப்பே இல்லாத நோக்கம் யாரிடமும் இருக்காது. பெருமையும் பழக்கமும் கடமையும் பரிவும் பின்னித்தான் இருக்கும்.

இரவுப்பணி:

அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பின்னியிருக்கிறது என்பதால் உள்ளே இருக்கும் பரிவு இல்லாமல் போய்விடாது, அவ்வளவுதான். சம்பளம் வாங்கித்தான் நானும் வார்டுக்குப் போகிறேன்.

கிளைநதி:

எல்லோருக்கும் நன்றி. கேட்டதற்கு மேல் கிடைத்தது. இப்போது வேறொரு கவலை, இதையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். மருந்தைக் குறைத்த பிறகு அப்பா மிகவும் ஒடுங்கிப்போனார். யார் வந்தாலும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பேத்தி கீழே விழுந்து அழுதபோதுகூட நாற்காலியில் அப்படியே இருந்தார். பழைய அப்பா என்றால் முதல் ஆளாக எழுந்திருப்பார். இதற்கு என்ன பொருள் கொள்வது?

இரவுப்பணி:

இதைக் குணமாகப் படிக்காதீர்கள், அறிகுறியாகப் படியுங்கள். பார்க்கின்சனில் எதிலும் ஈடுபாடில்லாத நிலை மிகவும் சாதாரணம், தோராயமாக ஐந்தில் இருவருக்கு வருகிறது. மனச்சோர்வும் சேர்ந்திருக்கலாம், தனியாகவும் இருக்கலாம். இந்த வகை மாத்திரையைக் குறைக்கும்போதே பதற்றம், சோர்வு, எதிலும் பிடிப்பில்லாமை வருவதும் மருத்துவத்தில் பதிவான ஒன்று.

இன்னொன்றும் உண்டு. இந்த நோயில் முகத்தின் தசைகள் இறுகிவிடும். உள்ளே பதறினாலும் முகத்தில் தெரியாது, எழ நினைத்தாலும் உடல் உடனே எழாது. பேத்தி விழுந்ததை அவர் பார்த்தாரா, அப்போது அவருக்கு எப்படி இருந்தது என்று அவரிடமே கேளுங்கள். பதில் வர நேரமாகும், காத்திருங்கள்.

மருந்தின் அளவை எப்போது, எவ்வளவு குறைத்தார்கள், இந்த மாற்றம் எந்த வாரம் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். பணப் பரிமாற்றச் செயலி அப்பா ஃபோனில் இருந்தால், மருந்து மறுபடி மாறும் காலத்தில் அதற்கு ஒரு வரம்பு போட்டு வையுங்கள்.